அம்மாவின் தகரப் பெட்டியும் போகியில் போன கம்பளியும்

கோவையில் வசிக்கும் 46 வயது சகோதரி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 71 வயது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973-ல், 19 வயதில், பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். அதே தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அப்பாவின் ஓய்வுப் பணத்தில் கட்டிய ஓட்டு வீட்டில் அம்மா இப்போது தனியாக இருக்கிறார். முழங்கால் வலி, மழைக்காலத்தில் இளைப்பு. அவரைத் தன்னுடைய இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று மகள் முடிவு செய்திருக்கிறார்.

இடிப்பது சாமான்கள்தான். சிலோனிலிருந்து வந்த தகரப் பெட்டி ஒன்று, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் தாத்தாவின் பெயர். அது போகப் பதினோரு அட்டைப் பெட்டிகள். இந்தப் போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, அந்துப்பூச்சி அரித்துப் பூசணம் பிடித்துக் கிடந்த ஒரு பழைய கம்பளியை மகள் மற்றக் குப்பையோடு தீயில் போட்டுவிட்டார். மறுநாளே 2,800 ரூபாய்க்குப் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தார். அம்மா சண்டை போடவில்லை. "போனது போயிடுச்சு, விடு" என்றாராம். மூன்று வாரமாகப் போனில் பேச்சு இல்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். புதுக் கம்பளி உறை பிரிக்காமல் கிடக்கிறது.

சகோதரி கேட்பது மூன்று. பொருளைச் சேர்த்து வைக்கும் நோய் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அம்மாவுக்கு அதுவா? கண் பரிசோதனைக்காக அம்மா ஊட்டி போகும் நாளில் மிச்சப் பெட்டிகளை ஒழித்துவிடலாம் என்கிறார் கணவர், செய்யலாமா? ஒரு கிழிந்த துணிக்கு ஏன் இவ்வளவு?

அன்புள்ள சகோதரி,

மற்றதைப் பேசுமுன் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 71 வயதுக்காரர் மூன்று வாரமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்றால், அதைக் கோபம் என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. துக்கம் மனச்சோர்வாக மாறும்போதும் இப்படித்தான் தொடங்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால், சரியாகச் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டு மயங்கி விழும் ஆபத்தும் உண்டு. இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். விடியுமுன்பே முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாரா, ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா, "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்றிரண்டு இருந்தாலும் கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்டி, மனநல மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அம்மாதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

சரி, இப்போது கம்பளிக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தின் ஆறாவது பக்கத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "அந்தக் கம்பளி யாருடையது, எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது." இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே புதுக் கம்பளியின் விலைக்குப் போய்விட்டீர்கள். எனக்கும் அதன் கதை தெரியாது. ஆனால் சிலோன் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிகளுக்கு நிர்வாகம் கம்பளி கொடுக்கும் வழக்கம் இருந்தது. பகலில் மழைக்கும் பனிக்கும் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள், ராத்திரி அதையே போர்த்திக்கொள்வார்கள். குன்னூரில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிற சிலோன் குடும்பத்துப் பெரியவர்கள் பலரும் "கம்பளி" என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொள்ள ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படி எண்ணிக்கையில் பங்கு போடப்பட்டவர்களில் ஒருவர்தான் உங்கள் அம்மா. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப் போன ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), மாடு, கோவில், கூடப் படித்த பிள்ளைகள், புதைத்த தாத்தா பாட்டி எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தொடங்கியதுதான் இந்த அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம். உங்கள் தட்டில் சோறு விழுந்தது அந்த வேலையால்.

"அம்மாவுக்கு எதையும் கழிக்கத் தெரியாது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 19 வயதில் ஒரு வீடு முழுவதையும், ஓர் ஊர் முழுவதையும் கழித்துவிட்டு, ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். நம்மில் யாரும் அப்படிக் கழித்ததில்லை. அந்தப் பெட்டியில் இருப்பது அன்றைக்கே கழித்துக் கழித்து மிஞ்சியது.

கிழிந்த துணிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டீர்கள். பொருளின் மேல் வைக்கும் பற்று குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-லேயே இதைப் பற்றிப் பேசினார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்ள, குழந்தை ஒரு போர்வையின் நுனியையோ துணிப் பொம்மையையோ பிடித்துக்கொள்கிறது. அந்தப் போர்வையைத் துவைத்தால்கூட அழும், ஏனென்றால் வாசனை போய்விடும்.

புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம், எதை வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று செய்து தரும் மெஷின் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். சாதாரணப் பொம்மை என்றால் குழந்தைகள் சந்தோஷமாக நகலை வாங்கிக்கொண்டன. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் சொந்தப் பொம்மை என்றால் சில குழந்தைகள் அதை மெஷினுக்குள் வைக்கவே விடவில்லை. வைக்கக் கொடுத்த குழந்தைகளில் பெரும்பாலானவை பழையதையே திருப்பிக் கேட்டன. புதியதும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும் என்று தெரிந்தும் கேட்டன. உங்கள் அம்மா உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த 2,800 ரூபாய்க் கம்பளியில் குற்றம் ஒன்றுமில்லை. அது குளிருக்கு ஆகும். பழையது செய்துகொண்டிருந்த வேலை வேறு.

வாசனையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கண்ணும் காதும் தரும் செய்தி மூளைக்குள் இடையில் ஓர் இடத்தில் தங்கிப் பிறகுதான் மேலே போகும். மூக்கு தரும் செய்தி மட்டும் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளை ஏறக்குறைய நேராகவே தொட்டுவிடும். விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாசனைக்குள் உங்கள் பாட்டியின் முகம் இருந்திருக்கலாம். இப்படி நினைப்பது உங்களைக் குத்திக் காட்ட அல்ல, அம்மா எதற்காகத் துக்கம் காக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ரஸல் பெல்க் என்ற ஆய்வாளர் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. நம் பொருள்களை நாம் நம்முடைய நீட்சியாகவே உணர்கிறோம் என்பது அவர் வாதம். திருட்டுக் கொடுத்தவர்கள், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் பண நஷ்டத்தோடு நிற்காமல், தங்களில் ஒரு பகுதி போய்விட்டதாகச் சொல்வது அதனால்தான். நம் நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை முகடுகளில் இருக்கும் பழைய கல்வட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்களுக்கு வெண்கலக் கிண்ணங்களும், மூடியில் எருமை உருவம் வைத்த மண்பாண்டங்களும் கிடைத்தன. இறந்தவர்களோடு வைத்த பொருள்கள். அவற்றில் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து மக்களுக்கும் ஓர் ஆளையும் அவர் புழங்கிய கிண்ணத்தையும் பிரிக்க மனம் வரவில்லை.

இது நோயா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அப்படித் தெரியவில்லை. பொருள் சேர்க்கும் கோளாறு என்று ஒன்று உண்மையாகவே உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-ல் அது தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் பொருள்களின் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அதை முடிவு செய்வதில்லை. வீட்டில் புழங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அடுப்படியில் சமைக்க இடம் இருக்கிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, வாசல் வரை தடுக்காமல் நடக்க முடிகிறதா? செய்தித்தாள், பிளாஸ்டிக் கவர், காலி டப்பா என்று எதை விடச் சொன்னாலும் தாங்க முடியாத தவிப்பு வருகிறதா? உங்கள் அம்மாவின் பெட்டிகள் பின்கட்டு அறையில் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன, வீடு பளிச்சென்று இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இதுவரை இல்லாமல் கடைசி ஓரிரு வருடத்தில் புதிதாக, சம்பந்தமில்லாத பொருள்களைச் சேர்க்கத் தொடங்கி, வைத்த இடம் மறந்து, "யாரோ எடுத்துட்டாங்க" என்று சொல்ல ஆரம்பித்தால், அது மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

அவர் இல்லாத நாளில் ஒழித்துவிடலாமா?

கூடாது. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணில் படாமல் செய்துவிட்டால் வலி குறையும் என்று நினைக்கிறார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நடப்பது நேர்மாறானது. திரும்பி வந்து காலி அறையைப் பார்ப்பவருக்குப் பொருளோடு சேர்த்து, வீட்டு மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். மிச்சத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவார்கள். உண்மையிலேயே சேர்க்கும் நோய் உள்ளவர்களிடம்கூடச் சொல்லாமல் ஒழிப்பதை மருத்துவர்கள் ஏற்பதில்லை. அப்புறம், அவை அவருடைய சொத்து. மகளுக்கோ மருமகனுக்கோ அதைத் தூக்கிப் போடும் உரிமை இல்லை. அன்பினால் செய்தாலும் இல்லை.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். அந்தத் தகரப் பெட்டியின் அடியில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும், கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்க வாய்ப்புண்டு. தாயகம் திரும்பியவர் என்பதற்கு அவைதான் ஆதாரம். சான்றிதழுக்கு அலையும்போது உங்கள் பிள்ளைகளுக்கும் அவை தேவைப்படலாம். செல்லரித்த காகிதம் என்று தெரியாமல் போட்டுவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல் வேலையாக, அம்மாவைக் கேட்டு, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லி, நகல் எடுத்து வையுங்கள்.

"பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று உங்கள் கணவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். போகிக்கு எல்லோரும் சொல்கிற வரிதான். ஆனால் அது நன்னூலில் இலக்கணத்துக்காக எழுதிய சூத்திரம், மொழியில் பழைய வழக்குகள் போய்ப் புதியவை வருவதைப் பற்றியது. முழு வரி "வழுவல கால வகையினானே" என்று முடியும். காலத்தின் போக்கில் அப்படி நடந்தால் குற்றமில்லை என்று பொருள். காலம் செய்யட்டும் என்கிறார் பவணந்தி முனிவர். தீ வைக்கச் சொல்லவில்லை.

பெட்டியைத் திறக்கும்போது

உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இளைப்பு உள்ளவர் பக்கத்தில் பூசணம் பிடித்த துணி இருப்பது நல்லதில்லை. கோத்தகிரி ஈரத்தில் எதுவும் தப்பாது. இப்போது பகல் வெயில் நன்றாக அடிக்கும் சமயம், துணிகளை வாசலில் கொடியில் போட்டு இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். பூசணத்தை நீங்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தட்டுங்கள், அம்மாவைச் செய்ய விடாதீர்கள். அந்துருண்டை வேண்டாம், இளைப்புக்கு ஆகாது.

காய வைக்கும்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "இது யாருது?" அவ்வளவுதான். வைக்கலாமா, போடலாமா என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். கதையைச் சொல்லி முடித்த பிறகு சிலர் தாங்களாகவே "இதைக் குடுத்துடலாம்" என்பார்கள், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போனில் படம் எடுத்து, கதையையும் பதிவு செய்யுங்கள். கொடுக்கும் பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கொடுக்க மனம் எளிதாக வருகிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதிகளில் செய்து 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் கொடுப்பது அவர் முடிவாக இருக்க வேண்டும். "போட்டோ எடுத்தாச்சு, இனி தூக்கிப் போடலாம்" என்று நீங்கள் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், மனைவியை இழந்தவர். அந்தம்மாவின் கொழுந்துக் கூடை திண்ணையில் உளுத்துப்போய்க் கிடந்தது, மகன்கள் எடுத்தால் அழுவார். ஒருநாள் அவரே கூடையை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, அதன் கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார். என்னிடம் காட்டினார். கயிறு முழுக்க வெளுத்து நார் நாராக இருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கறுத்து, வழுவழுவென்று இருந்தது. தலையில் மாட்டும் இடம். இருபது முப்பது வருடத் தேங்காய் எண்ணெய் அதில் ஏறியிருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே பேசினார். அந்த ஒரு சாண் போதும் என்று முடிவு செய்ய அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது. வேறு யாரும் அவருக்காக அதை முடிவு செய்திருக்க முடியாது.

கோவைக்கு வருவது

எட்டுப் பக்கத்திலும் நான் தேடிப் பார்த்த ஒன்று கிடைக்கவில்லை. அம்மா வருகிறேன் என்று சொன்னாரா? "கூட்டி வர முடிவு செய்தோம்" என்றுதான் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு முடிவை ஏற்கெனவே ஒருமுறை வேறு யாரோ எடுத்தார்கள், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இந்தத் தடவை அவரைக் கேளுங்கள். மழைக்காலத்து மூன்று மாதம் மட்டும் உங்களோடு இருந்து பார்க்கலாம், வீட்டையும் பெட்டிகளையும் அப்படியே பூட்டி வைக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா துணையோடு அங்கேயே இருப்பதும் ஒரு வழிதான், ஆனால் தனிமையும் இளைப்பும் சேர்ந்தால் ராத்திரி ஆபத்து என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வருவதாக இருந்தால், தகரப் பெட்டி பரணுக்குப் போகக் கூடாது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். உங்கள் ஃப்ளாட்டில் இரண்டடி இடம் அதற்குப் போகும், போகட்டும்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றி. "பூசணம் பிடிச்சிருந்துச்சே" என்று காரணத்தோடு தொடங்காதீர்கள். "கேக்காம எரிச்சுட்டேன்மா, தப்புதான்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் உடனே பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுக் கம்பளிப் பேச்சை எடுக்காதீர்கள். அடுப்படியில் கூட நின்று, தேநீர் போடுங்கள், நேரம் வரும்போது அந்தக் கம்பளி யாருடையது என்று கேளுங்கள். பொருள் போய்விட்டது, அதன் கதை இன்னும் அவரிடம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் அதுவும் போய்விட வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, சம்பந்தமில்லாத மாதிரி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். அப்பா இறந்த அன்று அவருடைய பழைய நோக்கியா போனை யாருக்கும் சொல்லாமல் எடுத்து வந்துவிட்டீர்கள். சிம் கிடையாது. மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைக்கிறீர்கள். அம்மாவுக்கு இது தெரியாது.

சனிக்கிழமை கோத்தகிரிக்குப் போகும்போது அந்தப் போனை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவிடம் காட்டுங்கள்.